'ரேஷன்' என்ற சொல்லின் பொருளையும் வேரையும் தேடிப் படிப்பது எப்படி

ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் தேடி அகராதியைத் திறப்பவர்களுள் பெரும்பாலோர் முதல் வரியைப் படித்தவுடன் அதை மூடிவிடுகிறார்கள். அவசரத்துக்கு அது போதும். ஆனால் அந்தச் சொல் எங்கே பிறந்தது, வழியில் எந்தெந்தப் பொருள்களை ஏற்றது, நம் வீட்டுக்குள் எந்தப் பொருளோடு வந்து சேர்ந்தது என்று அறிய விரும்புகிறவருக்கு ஓர் ஒழுங்கான முறை தேவைப்படுகிறது. குடும்ப அட்டை வைத்திருக்கும் எவருக்கும் அறிமுகமே தேவைப்படாத 'ரேஷன்' என்ற சொல்லைக் கொண்டு அந்த முறையை இங்கே விளக்குகிறேன்.

வேரைத் தேடுவதற்கு முன்னால் இன்றைய வழக்குகளைத் திரட்டிக்கொள்ள வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்து, இலத்தீன் மூலம் கிடைத்ததும் அதுவே 'உண்மையான பொருள்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரு சொல்லின் பொருளைத் தீர்மானிப்பது அதைப் பேசுகிறவர்கள்தான். வேர் அந்தப் பொருள் வந்த வழியைக் காட்டுமே தவிர அதற்குச் சட்டம் வகுக்காது. ஆங்கிலத்தில் ரேஷன் ஒருமையில் வரும்போது ஒருவருக்கு இவ்வளவுதான் என்று வரையறுத்த பங்கைக் குறிக்கும். 'ரேஷன்ஸ்' என்று பன்மையில் வந்தால் பெரும்பாலும் படைவீரர், மாலுமி, பயணக்குழுவினர் போன்றோருக்கு அளந்து கொடுக்கும் உணவுப்பொருளே பொருள். வினையாக வரும்போது, பற்றாக்குறையான ஒன்றைக் கட்டுப்படுத்திப் பங்கிடுவது என்ற பொருள் மேலோங்கும். பெட்ரோலையும் தண்ணீரையும் மட்டுமல்லாமல் மருத்துவமனைச் சிகிச்சையைக்கூட இந்த வினையோடு சேர்த்து எழுதுகிறார்கள். கால்நடை வளர்ப்பில் இதற்கே துல்லியமான ஒரு துறைப்பொருள் உண்டு: ஒரு மாட்டுக்கு 24 மணி நேரத்துக்கென ஒதுக்கப்படும் மொத்தத் தீவனம்.

இவற்றைத் தாளில் குறித்துக்கொண்ட பிறகு, எந்த அகராதியைப் பார்ப்பது என்ற கேள்வி வரும். மாணவர்களுக்கான அகராதிகள் இன்று மிகுதியாக வழங்கும் பொருளை முதலில் தருகின்றன. 1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்து 1928இல் நிறைவுற்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியோ, பொருள்கள் தோன்றிய காலத்தைக் கருத்தில் கொண்டு அவற்றை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஆண்டு குறித்த மேற்கோள்களைத் தருகிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் படித்தால், வழக்கொழிந்த பழைய பொருளை முதன்மைப் பொருள் என்று தவறாகக் கொள்ள நேரும். சொல் வரலாற்றுக்கு ஆண்டு குறித்த அகராதியே ஏற்றது.

இப்போது வேருக்கு வரலாம். பின்னோக்கிச் செல்லும்போது ஒவ்வொரு மொழியிலும் நின்று, அங்கே அந்தச் சொல் என்ன வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். இலத்தீனில் எண்ணுதல், கணக்கிடுதல், கருதுதல் என்ற பொருளுள்ள 'ரேரி' என்ற வினை இருந்தது. அதிலிருந்து பிறந்த 'ராட்டியோ' என்ற பெயர்ச்சொல் கணக்கையும் குறித்தது, காரணத்தையும் குறித்தது. இடைக்கால இலத்தீனில் அது கணக்கிட்டுக் கொடுக்கும் பங்கையும் குறிக்கத் தொடங்கியது. பிரெஞ்சு மொழியில் படைவீரரின் நாள் உணவு என்ற பொருளில் நிலைத்தது. அங்கிருந்து 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. வினைவடிவம் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது.

வேர் கிடைத்ததும் அதே வயிற்றில் பிறந்த மற்றச் சொற்களைத் தேடுங்கள். காரணத்தையும் அறிவையும் குறிக்கும் 'ரீசன்', பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு முந்தி வந்த உடன்பிறப்பு. விகிதத்தைக் குறிக்கும் 'ரேஷியோ', நேரே இலத்தீனிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரே இலத்தீன் சொல், மூன்று காலங்களில் மூன்று வாசல்களில் நுழைந்து மூன்று சொற்களாகிவிட்டது. 'ரேட்' என்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பள்ளிக் கணக்கில் 'ரேஷனல் நம்பர்' என்பதை விகிதமுறு எண் என்று படித்தவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பது இங்கே விளங்கும்: இரு முழு எண்களின் விகிதமாக எழுதத்தக்க எண் என்பதே அதன் பொருள்.

ஒலிப்பையும் விட்டுவிடக் கூடாது. எழுத்துச் சான்று காட்டாததை அது சில வேளை காட்டும். இன்று பிரிட்டனில் இந்தச் சொல்லை, ஆங்கிலேயர் 'ஃபேஷன்' என்பதைச் சொல்வது போலவே குறுகிய உயிரொலியோடு, 'ரேஷ்ன்' என்பதற்கும் 'ராஷ்ன்' என்பதற்கும் இடைப்பட்டதாகப் பலுக்குகிறார்கள். அது படைத்துறையிலிருந்து பரவிய ஒலிப்பு. முதல் உலகப் போரையொட்டித்தான் பொதுவழக்கானது. அதற்கு முன் குடிமக்களிடையே 'நேஷன்' என்பதோடு எதுகையாகும் நெடில் ஒலிப்பே வழங்கியது. நாம் சொல்லும் 'ரேஷன்' அந்தப் பழைய ஒலிப்பை ஒத்திருக்கிறது. ஆகவே தமிழர்கள் திரித்துச் சொல்கிறார்கள் என்று எவரேனும் குறை கூறினால், அதை ஏற்க வேண்டியதில்லை.

அடுத்து, பொருளை மாற்றிய வரலாற்று நிகழ்வைக் கண்டறிய வேண்டும். இதில்தான் அதிக நேரம் செலவிடத் தகும். பிரிட்டனில் 1940 ஜனவரி 8 அன்று பன்றி இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பங்கீடு தொடங்கியது. வாரத்துக்கு ஒருவருக்கு வெண்ணெய் 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 113 கிராம். போர் 1945இல் முடிந்தும் பங்கீடு முடியவில்லை. போர்க்காலத்தில் தடையின்றிக் கிடைத்த ரொட்டிகூட 1946 முதல் 1948 வரை அளந்தே கொடுக்கப்பட்டது. 1954 ஜூலை 4 அன்று இறைச்சிக் கட்டுப்பாடு நீங்கியதோடுதான் உணவுப் பங்கீடு ஓய்ந்தது. இத்தனை ஆண்டுகள் அதற்குள் வாழ்ந்த மக்களுக்கு அந்தச் சொல், 'இதற்குமேல் கிடையாது' என்ற உச்சவரம்பாகவே பதிந்துபோனது.

தமிழ்நாட்டில் அது வேறு திசையில் நடந்தது. போர்க்காலத்தில் வந்த உணவுக் கட்டுப்பாட்டை 1952இல் இராஜாஜி அரசு நீக்கியது; எனினும் பின்னர் வளர்ந்த பொது விநியோகத்தில் அந்தப் பெயர் தொடர்ந்தது. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றியே வழங்கப்படுகிறது. 'ரேஷனில் பருப்பு போடுகிறார்கள்' என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். தட்டுப்பாடு வந்துவிட்டது என்று எண்ணுவதில்லை. 'ரேஷன் அரிசி' என்றால் அளவு நினைவுக்கு வருவதே இல்லை, அரிசியின் தரமும் அது வந்த இடமுமே நினைவுக்கு வருகின்றன. ஆங்கிலத்தில் வரம்பைக் குறித்த சொல், தமிழில் உரிமையாகக் கிடைக்கும் பொருளைக் குறிக்கிறது. எனவே ஓர் ஆங்கிலச் செய்தியில் தண்ணீருக்கு இந்தச் சொல் வந்தால், அங்கே ரேஷன் என்று எழுதுவதைவிடத் 'தண்ணீரை முறைவைத்து விடுகிறார்கள்' என்று எழுதுவதே பொருளுக்கு நேர்மையானது என்பேன்.

பக்கத்துச் சொற்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எல்லைகள் இன்னும் தெளியும். 'கோட்டா' இலத்தீனில் 'எத்தனையாவது பங்கு' என்ற கேள்வியிலிருந்து வந்தது; அது பெற வேண்டிய பங்காகவும் இருக்கலாம், செலுத்த வேண்டிய பங்காகவும் இருக்கலாம். 'ஷேர்' வெட்டுதல், பிரித்தல் என்ற பழைய ஆங்கிலக் கருத்தோடு தொடர்புடையது.

தமிழில் நிகரான சொல் தேடும்போது பங்கீடு, ஒதுக்கீடு ஆகியவற்றோடு 'படி' என்பதையும் எடுத்துப் பாருங்கள். தானியம் அளக்கும் அளவையும் படி. உணவுக்கென நாள்தோறும் கொடுப்பதும் படி. அகவிலைப்படி, பயணப்படி என்று அது இன்றும் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. எல்லா உயிர்க்கும் படியளக்கிறவன் என்று இறைவனையும் சொல்கிறோம். அளந்து கொடுப்பதிலுள்ள கணக்கையும் கடமையையும் ஒருங்கே சொல்ல வேண்டிய இடத்தில், பங்கீடு என்பதைக் காட்டிலும் படியளத்தல் நன்றாகப் பொருந்தும்.