பையனுக்கு க்ளாசிக் வாங்கப் போகிறீர்களா? முதலில் நடுப்பக்கத்தைப் புரட்டுங்கள்

எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கிற பையனுக்கு என்ன க்ளாசிக் வாங்கித் தரலாம் என்று யாரைக் கேட்டாலும் ஒரு பட்டியல் வந்து விழும். பட்டியலில் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. பொன்னியின் செல்வன், புதையல் தீவு, ராஜாஜியின் வியாசர் விருந்து, எல்லாம் நல்ல புத்தகங்கள்தான். ஆனால் அந்தப் பட்டியலோடு நந்தனம் புத்தகக் காட்சியில் போய் நின்றால் ஒவ்வொரு பெயரிலும் நாலைந்து புத்தகம் கிடக்கும். ஒன்று தலைகாணி கனம், ஒன்று எண்பது பக்கம், ஒன்றில் படம் இருக்கும், இன்னொன்றில் எறும்பு எழுத்து. எந்தக் கதை என்பதோடு வேலை முடியவில்லை. பையன் படிப்பானா, பரணில் போடுவானா என்பது பெரும்பாலும் அவன் கைக்கு எந்தப் பதிப்பு போய்ச் சேருகிறது என்பதைப் பொறுத்தது.

அதற்கு முன்னால் ஒன்று. அவன் எந்த மொழியில் தடங்கல் இல்லாமல் படிக்கிறான்? சென்னையில் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகவே முடியாது. வீட்டில் தமிழ்தான் பேசுவான், படத்து வசனமெல்லாம் ஒப்பிப்பான், ஆனால் தமிழ்ப் புத்தகத்தைப் பிரித்தால் எழுத்துக் கூட்ட ஆரம்பிப்பான். அவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, நாள் முழுக்க இங்கிலீஷ் மீடியத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தமிழ் ஒரு பீரியட்தானே. அதனால் கடைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். புத்தகத்தின் நடுவில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து அரைப் பக்கம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். முதல் பக்கம் வேண்டாம், அது எல்லாப் புத்தகத்திலும் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும். அரைப் பக்கத்தில் ஐந்து இடத்துக்கு மேல் தடுக்கினால் அந்தப் பதிப்பு இப்போதைக்கு வேண்டாம், இல்லையென்றால் நீங்கள் படித்துக் காட்டத் தயாராக இருக்க வேண்டும்.

எங்கே தடுக்குகிறான் என்றும் கவனியுங்கள். 'புரவி', 'அரண்' மாதிரிப் பழைய சொல் வந்தால் பையன்கள் அவ்வளவாக அசருவதில்லை, என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டு மேலே போய்விடுவார்கள். 'வந்துகொண்டிருந்தவர்களையெல்லாம்' என்று ஒரே மூச்சில் வருகிற சொல்லும், பக்கம் முழுக்க ஒருத்தரும் வாய் திறந்து பேசாத வர்ணனையும்தான் அவர்களை உட்கார வைத்துவிடும். உரையாடல் நிறைய உள்ள பக்கம், சின்னச் சின்ன அத்தியாயம், பெரிய எழுத்து, இந்த மூன்றும் இருந்தால் கதை கொஞ்சம் கடினமாக இருந்தாலும் ஓடிவிடும்.

முதல் புத்தகம் சிரிப்பு மூட்டுவதாக இருக்கட்டும். என் ஓட்டு பரமார்த்த குரு கதைக்கு. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் எழுதியது, இன்றைக்கும் ஒன்பது வயதுப் பையனை உருள வைக்கும். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சீடன் கொள்ளிக்கட்டையோடு போய்த் தண்ணீரில் வைக்கிறான், அது சுர்ரென்று சீறிப் புகைய, ஆறு இன்னும் முழித்துக்கொண்டுதான் இருக்கிறது என்று திரும்பி ஓடி வருகிறான். ஒருவழியாக அக்கரை சேர்ந்தபின் தலையை எண்ணுகிறார்கள், எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான், ஒரு ஆளை ஆறு கொண்டுபோய்விட்டது என்று எல்லோரும் ஒப்பாரி வைக்கிறார்கள். இதைப் படிக்கிற பையன் தான் இவர்களைவிடப் புத்திசாலி என்று உணர்கிறான் பாருங்கள், அந்தத் தெம்பு அடுத்த புத்தகத்துக்கு வேண்டும். மூலத்தின் நடை பழையது என்பதால் இக்கால உரைநடையில் எழுதிய பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். தெனாலிராமன், மரியாதை ராமன் எல்லாம் இதே வகைதான்.

அடுத்து வெளிநாட்டுக் கதைகள். தமிழில் கிடைக்கிறவற்றில் பாதிக்கு மேல் சுருக்கப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கம் என்றாலே கேவலம் என்று நான் சொல்ல மாட்டேன், பத்து வயதில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆனால் நல்ல சுருக்கம், எலும்பை மட்டும் விட்டுவைத்த சுருக்கம் என்று இரண்டு உண்டு. புதையல் தீவில் (புத்தகமாக வந்தது 1883இல்) ஜிம் என்கிற பையன் கப்பலில் ஆப்பிள் பீப்பாய்க்குள் இறங்கி இருக்கும்போது, வெளியே ஒற்றைக் கால் சில்வர் மற்ற மாலுமிகளோடு சதி பேசுவதைக் கேட்கிறான். அதுவரை எல்லோருக்கும் நல்லவனாகத் தெரிந்த ஆள் அவன். இருட்டுப் பீப்பாய், வெளியே தெரிந்த குரல், மூச்சு விட்டால் போச்சு. கடையில் அந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். குறைந்தது ஒரு முழுப் பக்கமாவது இருந்தால் வாங்கலாம். 'ஜிம் ஒளிந்திருந்து சதியை அறிந்தான்' என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள், அது வெறும் கதைச்சுருக்கம். எந்தப் புத்தகத்துக்கும் இதே மாதிரி நீங்கள் நன்றாக அறிந்த ஒரு காட்சியை வைத்துப் பார்க்கலாம். ஜூல்ஸ் வெர்னின் எண்பது நாள் உலகப் பயணம் என்றால், இந்தியாவில் ரயில் பாதை பாதியில் நின்றுபோய் யானை விலை பேசுகிற இடம்.

பொன்னியின் செல்வனுக்கு வருவோம், வராமல் விடமாட்டீர்கள். ஐந்து பாகத்தையும் செட்டாக வாங்கி ஒன்பது வயதுப் பையனின் பிறந்த நாளுக்குக் கொடுப்பது அவனைப் பயமுறுத்துகிற வேலை. முதலில் பார்த்திபன் கனவு. அதே கல்கி, அதைவிட எத்தனையோ சின்னது, காவிரிக்கரைப் படகோட்டி, நாடு கடத்தப்படுகிற இளவரசன், யார் என்றே தெரியாத ஒரு சிவனடியார். இளவரசன் ரத்தின வியாபாரியாக வேஷம் போட்டுக்கொண்டு மாமல்லபுரத்தில் வந்து இறங்குகிற பகுதியைப் படித்து முடித்த வாரம் ஈசிஆரில் அவனை அங்கே கூட்டிப் போய்விடுங்கள், ஒரு மணி நேரப் பயணம்தான். அது பிடித்திருந்தால் பன்னிரண்டு வயது வாக்கில் பொன்னியின் செல்வன், அதுவும் முதல் பாகம் மட்டும். முதல் அத்தியாயத்தை நீங்களே படித்துக் காட்டுங்கள்: ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வீரநாராயண ஏரிக்கரையோரம் வருகிறான். அந்த ஏரிதான் வீராணம், 2004லிருந்து சென்னைக்குக் குழாயில் தண்ணீர் வருகிற அதே வீராணம் என்று சொல்லுங்கள், நிமிர்ந்து உட்காருவான். படம் பார்த்துவிட்டானே, இனி எதற்கு என்று யோசிக்க வேண்டாம். முகங்கள் தெரிந்திருப்பதால் அத்தனை பெயர்களிலும் குழம்பாமல் போவான்.

கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனபின் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் விலையும் தரமும் கன்னாபின்னாவென்று மாறும். அச்சுப்பிழை மலிந்ததும், எடுத்தவுடன் தாள் கையோடு வருகிற ஒட்டு பைண்டிங்கும் உண்டு. முதுகுப் பக்கத்தைப் பாருங்கள், தைத்திருந்தால் பத்து ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை. மணியம் வரைந்த ஓவியங்கள் உள்ள பதிப்பு கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

தமிழ் இன்னும் கைக்கு வராத பையனை இங்கிலீஷில் படிக்க விடுவதில் ஒரு குற்றமும் இல்லை. ஆர்.கே. நாராயணின் சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் (1935) கொடுங்கள். புரசைவாக்கத்தில் பிறந்தவர், எளிய இங்கிலீஷ், கிரிக்கெட் கிளப் ஆரம்பிக்கிற பையன்கள், தலைமையாசிரியர் பிரம்பு. வேறென்ன வேண்டும்? கூடவே தமிழில் சிறுவர்களுக்காக எழுதிய வாண்டுமாமாவின் புத்தகம் ஒன்று வைத்துக்கொண்டால் இரண்டு மொழியும் சேர்ந்து ஓடும்.

கடையில் "பையனா, பொண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துத் தருவார்கள். அதைக் காதில் வாங்காதீர்கள். ஜப்பானியப் புத்தகமான டோட்டோ சான் (1981), தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. நாயகி ஒரு சிறுமி, ஆனால் பழைய ரயில் பெட்டிகளில் வகுப்பு நடக்கிற பள்ளிக்கூடம் எந்தப் பையனுக்குப் பிடிக்காது? அத்தியாயம் ஒவ்வொன்றும் ரெண்டு மூணு பக்கம்தான், தூங்கப்போகும் முன் ஒன்று படிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய புத்தகம் என்றால் பழைய காலத்து எண்ணங்களும் உள்ளே இருக்கும். ராபின்சன் குரூசோ (1719) அடிமைகளை வாங்கி வரக் கிளம்பிய பயணத்தில்தான் கப்பல் உடைந்து தீவில் ஒதுங்குகிறான். பிறகு ஃப்ரைடே என்று தானே பெயர் வைத்த ஆளுக்கு முதலில் கற்றுத் தருகிறவற்றில் ஒன்று, தன்னை எஜமான் என்று கூப்பிடுவது. சிறுவர் பதிப்புகள் பலவும் இதை நைசாகத் தாண்டிப் போகும். பதினொரு வயதுப் பையனிடம் மறைக்கத் தேவையில்லை, "அவன் செய்தது சரியா?" என்று கேளுங்கள், நன்றாகவே வாதாடுவான். விக்கிரமாதித்தன், அரபுக் கதை மட்டும் பெரியவர்களுக்கான முழுப் பதிப்பாக வாங்கிவிடாதீர்கள், முன்கூட்டி நீங்கள் ஒருமுறை புரட்டிவிடுவது உத்தமம்.

எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கியாக வேண்டும் என்றும் இல்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் அரை நாள் விட்டால் அவன் கை எதன் மேல் போகிறது என்று தெரிந்துவிடும். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் உறுப்பினரானால் வீட்டுக்கே எடுத்து வரலாம். திருவல்லிக்கேணி பாரதி சாலைப் பழைய புத்தகக் கடைகளில் அதிர்ஷ்டம் இருந்தால், வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்து யாரோ பைண்ட் பண்ணி வைத்திருந்த தொகுப்பு மாட்டும். ஓரத்தில் பழைய சோப்பு விளம்பரமும் துணுக்கும் இருக்கும், பையன்கள் கதையை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் படிப்பார்கள். படிக்கட்டும்.

புத்தகக் காட்சி ஜனவரியில், பத்து சதவீதம் தள்ளுபடி. சனி ஞாயிறு போனால் நடுப்பக்கத்தைப் புரட்ட இடம் கிடைக்காது, பொங்கல் விடுமுறைக்கு முந்தின வார நாளில் போங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்தது இரண்டு இருக்கட்டும், மூன்றாவதை அவனே எடுக்கட்டும். அவன் நேராக காமிக்ஸ் ஸ்டாலுக்குப் போனால் முகத்தைச் சுளிக்காதீர்கள். இரும்புக்கை மாயாவி என்கிற காமிக்ஸ் நாயகன் தமிழுக்கு வந்தது 1972இல், அந்த ஸ்டாலில் பையன்களைவிட அப்பாக்கள்தான் அதிகம் நின்றுகொண்டிருப்பார்கள்.