பாண்டிலேர்ந்து கோல்ஃப் ஆடக் கிளம்புறவங்க கோர்ஸை எப்படி செலக்ட் பண்றது

லாஸ்பேட்டைல கோல்ஃப் பேக்கை தோள்ல மாட்டிட்டு நடந்தா எப்படிப் பார்ப்பாங்கன்னு சொல்லவே வேணாம், எங்க தெரு இஸ்திரி கடை அண்ணன் ரெண்டு வருஷமா அதை ஹாக்கி மட்டைன்னே நெனச்சிட்டு "மேட்ச் எப்படி தம்பி"ன்னு கேட்டுட்டு இருந்தாரு, நானும் திருத்தல. இந்த ஊர்ல இருந்துக்கிட்டு இந்த விளையாட்டுல மாட்டுனவங்க சனிக்கிழமை எந்தக் கோர்ஸுக்கு (கோல்ஃப் மைதானத்துக்கு) போறதுன்னு என்கிட்ட கேட்டுட்டே இருக்காங்க, அதான் மொத்தமா எழுதிடலாம்னு.

முதல்ல 'பப்ளிக் கோர்ஸ்'ங்கற வார்த்தையை நம்ம பக்கம் தேடாதீங்க. டெல்லில லாடோ சராய்ல குதுப் கோல்ஃப் கோர்ஸ் இருக்கு, டி.டி.ஏ. (டெல்லி வளர்ச்சி ஆணையம்) நடத்துறது, காசு கட்டினா யார் வேணா ஆடலாம். சென்னை, பெங்களூர்ல அப்படி இல்ல, பெரும்பாலும் கிளப் இல்லன்னா அசோசியேஷன் கையில இருக்கு. அதனால நீங்க தேட வேண்டியது பப்ளிக்கான்னு இல்ல, வெளியாளை உள்ள விடுவாங்களா, எந்த நாள்ல விடுவாங்க, கூட மெம்பர் வரணுமா, அவ்வளவுதான். வீக்டேல கிரீன் ஃபீ (ஆடுறதுக்கான கட்டணம்) கட்டிட்டு ஆட விடுற இடமே ஞாயித்துக்கிழமை மெம்பருக்கு மட்டும்னு சொல்லிடும். ஆபீஸ்ல ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட முடிஞ்சா உங்க சாய்ஸ் ரெண்டு மடங்கு ஆயிடும், நம்புங்க.

அடுத்தது தூரம், இதைத்தான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. பாண்டிலேர்ந்து சென்னை 150 கிலோமீட்டர், ஈ.சி.ஆர்.ல மூணு மணி நேரம். 18 ஹோலு (பந்தை விழ வைக்க வேண்டிய குழிங்க, ஒரு முழு ஆட்டம்) ஆட நாலு, நாலரை மணி நேரம், அதுவும் எட்டு பத்து கிலோமீட்டர் நடை. 6 மணி டீ டைம்னா (ஆட்டம் ஆரம்பிக்க நமக்குக் குடுக்குற நேரம்) வீட்ல 2.30க்கு வண்டி எடுக்கணும், காலாப்பட்டு தாண்டி மரக்காணம் உப்பளம் பக்கம் இருட்டுல ஒரு டீ குடிச்சா முதல் ஹோலுக்கு உடம்பு முழிச்சிருக்கும். "9 மணி ஸ்லாட் காலியா இருக்கு சார்"னு போன்ல ஆசை காட்டுவாங்க, ஏப்ரல் மே மாசத்துல அதுக்குத் தலையாட்டிட்டீங்கன்னா பன்னெண்டாவது ஹோல்லயே நாக்கு தள்ளிடும். எனக்கு ஜனவரி, பிப்ரவரிதான் பெஸ்ட். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மழை, முந்தின நாள் ராத்திரி ஒரு போன் போட்டு தண்ணி நிக்குதான்னு கேக்காம கிளம்பாதீங்க.

சென்னைன்னா முதல்ல நந்தனம் காஸ்மோ (காஸ்மோபாலிடன் கிளப் கோர்ஸ்), ஊருக்கு நடுவுல, 18 ஹோல், பெரும்பாலும் சமதரை, நடக்க ஈசி. இன்னொண்ணு கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள்ள இருக்கற ஜிம்கானா கோர்ஸ், குதிரை ஓடுற டிராக் சுத்தி வர நடுவுல கோல்ஃப். ஆனா 2024 செப்டம்பர்ல அரசு, ரேஸ் கிளப்போட குத்தகையை ரத்து பண்ணி நிலத்தை எடுத்ததுலேர்ந்து கேஸ் கோர்ட்டுன்னு போயிட்டு இருக்கு, அதனால கூகுள் மேப்பை மட்டும் நம்பிக் கிளம்பிடாதீங்க. பெங்களூர்னா ஒரு நாள்ல போயிட்டு வர்ற கதையே இல்ல, திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரின்னு 300 கிலோமீட்டருக்கு மேல, ரூம் போட்டுத்தான் ஆகணும். அங்க பெங்களூர் கோல்ஃப் கிளப் 1876ல ஆரம்பிச்சது, கொஞ்சம் சின்ன கோர்ஸ். கே.ஜி.ஏ. (கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன்) கோர்ஸ் நீளம் ஜாஸ்தி, பிரிட்டிஷ் ஓப்பனை அஞ்சு தடவை ஜெயிச்ச பீட்டர் தாம்சன் டிசைன் பண்ணது. புதுசா ஆடுறவங்க பேரைப் பார்த்துட்டு அங்க ஓடாதீங்க, ரெண்டு டஜன் பந்து போயிடும்.

உங்க லெவலுக்கு ஏத்த நீளமான்னு பார்க்க ஒரு கணக்கு இருக்கு. 5 அயர்ன்ல (இரும்புத் தலை வச்ச மட்டைங்கள்ல ஒண்ணு) எவ்ளோ தூரம் அடிப்பீங்களோ அதை 36ஆல பெருக்குங்க. 150 கெஜம்னா 5,400 கெஜம், ஸ்கோர் கார்டுல அந்த நீளத்துக்குக் கிட்ட இருக்கற டீல (முதல் அடி அடிக்கிற இடம், தூரத்துக்கு ஏத்த மாதிரி கலர் கலரா இருக்கும்) ஆடுங்க. எங்க மச்சான் 130க்கு மேல அடிக்க மாட்டான், ஆனா தூரமா இருக்கற நீல டீ தான் வேணும்பான், ஸ்டைலாம். கார்டுலயே ஸ்லோப்னு, கோர்ஸ் எவ்ளோ கஷ்டம்னு காட்டுற ஒரு நம்பர் இருக்கும், 113 நார்மல், 130 தாண்டுச்சுன்னா சாதாரண ஆளை அது கண்ணீர் விட வைக்கும்.

எனக்கு நடந்தது ஒண்ணு. ஒரு இடத்துக்கு (பேரு வேணாம்) ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிட்டுப் போறேன், முழு ஃபீயும் கட்டியாச்சு, முதல் கிரீன்ல (குழி இருக்கற, ஒட்ட வெட்டுன புல்தரை) கால் வச்சா பென்சில் தடிமனுக்கு ஓட்டை ஓட்டையா போட்டு மேல மணலைக் கொட்டி வச்சிருக்காங்க. ஏரேஷன். புல்லு நல்லா வரணும்னா அதைப் பண்ணித்தான் ஆகணும், தப்பில்ல, ஆனா சொல்லணுமா வேணாமா? மூணடி பட் (குழியைப் பார்த்து உருட்டி விடுற அடி) ஒண்ணு தவளை மாதிரி குதிச்சுட்டு வெளிய போச்சு, கேடி அண்ணன் (நம்ம ஊரு கேடி இல்லங்க, பேக் தூக்குறவரு) சிரிப்பை அடக்க முடியாம அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அதுலேர்ந்து போன்ல நான் முதல்ல கேக்குறதே "கிரீன்ல ஓட்டை போட்டு எத்தனை நாளாச்சு?" ரெண்டு வாரம் கூட ஆகலைன்னா வேற தேதி. அதே போன்லயே டோர்னமெண்ட் இருக்கா, ஹேண்டிகேப் சர்டிபிகேட் (நம்ம ஆட்ட லெவலைக் காட்டுறது) கேப்பாங்களா, மட்டை செட் வாடகைக்குக் கிடைக்குமா, திங்கக்கிழமை மெயின்டெனன்ஸா, எல்லாத்தையும் முடிச்சிடுங்க. காலர் வச்ச டீ ஷர்ட் கட்டாயம், ரவுண்ட் நெக் போட்டுட்டுப் போய் வாசல்லயே நின்னவங்களை நான் பார்த்திருக்கேன்.

கேடி விஷயத்துல கஞ்சத்தனம் வேணாம். புது கோர்ஸ்ல புல்லு எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு, பந்து எங்க இழுக்கும்னு அவருக்குத்தான் தெரியும்.

ஆன்சைட்ல அமெரிக்கா போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. நியூயார்க் பக்கம் பெத்பேஜ்னு ஸ்டேட் பார்க் இருக்கு, அஞ்சு கோர்ஸ், எல்லாமே பப்ளிக். அதுல பிளாக்தான் ஃபேமஸ், 2002லயும் 2009லயும் யு.எஸ். ஓப்பன் நடந்தது, கார்ட் (உக்காந்து போற சின்ன வண்டி) கிடையாது, நடந்துதான் ஆகணும், டீ டைமுக்கு ராத்திரி பார்க்கிங்ல கார்லயே படுத்துத் தூங்குவாங்க. முதல் டீகிட்ட போர்டே வச்சிருக்காங்க, ரொம்ப கஷ்டமான கோர்ஸ், நல்லா ஆடத் தெரிஞ்சவங்க மட்டும் ஆடுங்கன்னு. அந்த போர்டு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு பக்கத்துல யெல்லோ கோர்ஸுக்குப் போயிடுங்க.