நிரம்பிவிட்ட லினக்ஸ் சேர்வரில் இடத்தைக் கண்டுபிடித்து மீட்பது எப்படி

கொழுந்து நிறுவையையும் செக்ரோலையும் (தொழிலாளர் வரவுப் பதிவேடு) லினக்ஸ் சேர்வரில் பதியும் ஒரு தோட்ட அலுவலகத்தில், சம்பளக் கணக்கு முடிக்கும் நேரத்தில் டிஸ்க் நிரம்பிவிட்டால், தரவுத்தளம் புதிய பதிவுகளை ஏற்காது. அந்தப் பதற்றத்தில் கண்ணில் படும் பெரிய கோப்பை அழிக்கத்தான் கை போகும். ஆனால் இடத்தைப் பிடித்திருப்பது எது என்று தெரியாமல் எதையும் அழிக்கக் கூடாது.

முதலில் 'டிஎஃப் -எச்' கட்டளையால் டிஸ்க்கின் எந்தப் பகுதி நிரம்பியுள்ளது என்று பாருங்கள். இடம் மீதி இருந்தும் இடமில்லை என்றே பிழைச்செய்தி வந்தால், 'டிஎஃப் -ஐ' கொடுத்து ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் குறிப்புப் பதிவு) தீர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். இணையச் செயலிகள் விட்டுவைக்கும் பிஎச்பி செஷன் கோப்புகள் போன்ற இலட்சக்கணக்கான சிறு கோப்புகள் சேர்ந்தால் அப்படி ஆகும்.

அடுத்து, 'சூடோ டியூ -எக்ஸ்எச் --மேக்ஸ்-டெப்த்=1 /' என்று கொடுத்து கோப்புறைகளின் அளவைப் பார்த்து, பெரிதாக உள்ள கோப்புறைக்குள் ஒவ்வொரு படியாக இறங்குங்கள். 'எக்ஸ்' இருந்தால்தான் இணைத்துள்ள வெளி ஹார்ட் டிஸ்க்கின் அளவு கணக்கில் சேராது. பெரும்பாலும் தேடல் 'வார்' கோப்புறையில்தான் முடியும்.

சிக்கலானது, இரண்டு கட்டளைகளின் கணக்கும் ஒத்துவராத நிலைதான். பயன்பட்ட இடத்தை 'டிஎஃப்' 38 ஜிகாபைட் என்றும் 'டியூ' 21 ஜிகாபைட் என்றும் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். யாரோ அழித்த லாக் கோப்பை (நிகழ்வுகளைப் பதியும் கோப்பு) ஒரு சேவை இன்னும் திறந்தே வைத்திருந்தால், பெயர் போனாலும் இடம் திரும்பாது. 'சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1' அத்தகைய கோப்புகளையும் அவற்றைப் பிடித்திருக்கும் சேவைகளையும் காட்டும். உரிய சேவையை மறுதொடக்கம் செய்தால் இடம் உடனே விடுபடும். இயங்கிக்கொண்டிருக்கும் லாக்கை அழிப்பதற்குப் பதிலாக 'ட்ரங்கேட் -எஸ் 0' கொண்டு வெறுமையாக்குவதே நல்லது.

மழைக்கால மின்வெட்டுகள் வழக்கமான நம் பகுதியில் இன்னொரு காரணத்தையும் சந்தேகிக்க வேண்டும். மின்சாரம் திரும்பியபோது வெளி டிஸ்க் இணையாதிருந்தால், இரவு எடுக்கும் பேக்கப் அதே பெயருள்ள வெற்றுக் கோப்புறை வழியாகப் பிரதான டிஸ்க்கில் விழுந்துவிடும்; பிறகு வெளி டிஸ்க்கை இணைத்ததும் அது மறைந்துபோகும், 'டியூ'வுக்கும் தெரியாது. 'மவுண்ட் --பைண்ட்' மூலம் மூலக் கோப்புறையை ('/') வேறோர் இடத்தில் இணைத்துப் பார்த்தால் வெளிப்படும்.

உபுண்டுவில் 'ஏபிடி கிளீன்', 'ஏபிடி ஆட்டோரிமூவ்' ஆகியவை பதிவிறக்கிய பொதிகளையும் தேவையற்ற பழைய கேர்னல்களையும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நீக்கும். 'ஜேர்னல்சிடிஎல் --வேக்கியூம்-சைஸ்=200எம்' கணினியின் பழைய ஜேர்னல் பதிவுகளைக் குறைக்கும்.

தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் கோப்புறையில் மட்டும் கையால் எதையும் அழிக்காதீர்கள். 8.0 பதிப்பில், தரவு மாற்றங்களைப் பதியும் பைனரி லாக் இயல்பாகவே இயங்குவதுடன் 30 நாட்களுக்குப் பேணப்படுகிறது. அதைக் குறைக்க வேண்டுமானால், பேக்கப் இருப்பதை உறுதிசெய்த பின், தரவுத்தளத்துக்குள்ளிருந்தே 'பேர்ஜ் பைனரி லாக்ஸ்' கட்டளையைக் கொடுக்க வேண்டும்.