அலுவலக நெட்வொர்க் கேபிளிங்: ஒப்பந்ததாரரை அமர்த்தும் முன் சோதனை அறிக்கையைப் பேசி முடியுங்கள்

எங்கள் அலுவலகத்துக்கு 48 இணைப்பு முனைகள் போடப்பட்டபோது, எல்லா முனைகளையும் சோதித்துவிட்டதாக ஒப்பந்ததாரர் சொன்னதை நம்பி முழுத் தொகையையும் கொடுத்துவிட்டேன். சில வாரங்களில் சில மேசைகளில் கோப்புகள் நகர மறுத்தன. எல்லா கேபிள்களும் வந்து சேரும் ஸ்விட்ச் கருவியில் பார்த்தால், அந்த மேசைகளுக்கான போர்ட்டுகளில் மட்டும் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. அவர் சோதித்தது எட்டு விளக்குகள் வரிசையாக எரியும் கையடக்க டெஸ்டரில் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது.

படி 1: தரைப்படத்தில் முனைகளைக் குறியுங்கள். மேசைகளோடு வைஃபை ஆக்சஸ் பாயின்ட், கேமரா, பிரிண்டர் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் வைத்திருக்கும் ரேக்கிலிருந்து சுவர் முனை வரை செல்லும் நிலையான கேபிள் 90 மீட்டரைத் தாண்டக் கூடாது. இருபுறமும் செருகும் சிறு கேபிள்களான பேட்ச் கார்டுகளையும் சேர்த்து மொத்தம் 100 மீட்டர்.

படி 2: கேபிளை நீங்களே தீர்மானியுங்கள். 10 கிகாபிட் வேகத்தை கேட் 6 (Cat 6) என்ற கேபிள் வகை ஏறத்தாழ 55 மீட்டர் வரைதான் தாங்கும், கேட் 6ஏ 100 மீட்டர் வரை தாங்கும். சுவருக்குள் போகும் கேபிளை மாற்றுவது ஸ்விட்ச்சை மாற்றுவது போல எளிதல்ல என்பதால், புதிய கட்டடமென்றால் நான் கேட் 6ஏ-வையே தேர்ந்தெடுப்பேன். எதை வாங்கினாலும் 'முழுச் செம்பு' என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான கேபிள் இந்தத் தர வரையறைகளுக்கு உட்படாது. கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் கொடுத்தால் அது கூடுதலாகச் சூடாகவும் செய்யும். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரிகிறதா என்று பார்த்துவிடலாம்.

படி 3: நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். விளக்கு டெஸ்டர், கம்பிகள் சரியான வரிசையில் முனைக்கு முனை போய்ச் சேர்ந்தனவா என்பதை மட்டுமே சொல்லும். கேபிளுக்குள் முறுக்கியிருக்கும் ஒரு கம்பி ஜோடியின் சமிக்ஞை அடுத்த ஜோடிக்குள் எவ்வளவு கசிகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை அளக்க, அளவுகளை அறிக்கையாகவும் தரும் ஃப்ளூக் டிஎஸ்எக்ஸ் போன்ற சான்றளிப்புக் கருவி வேண்டும். வேறொருவரை அழைத்து அப்படி அளந்தபோது 9 முனைகள் தோற்றன. ஒரு முனையின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஜாக்கில் இணைக்கும் இடத்தில் ஜோடிகளின் முறுக்கு 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கப்படக் கூடாது என்றிருக்க, கட்டைவிரல் நீளத்துக்கு நேராக நீட்டி வைத்திருந்தார்கள். விளக்கு டெஸ்டருக்கு இது எக்காலத்திலும் தெரியாது.

ஆகவே வேலை தொடங்கும் முன்பே, 'ஒவ்வொரு முனைக்கும் பெர்மனென்ட் லிங்க் சோதனை, போடப்பட்ட கேபிள் வகைக்கான வரம்பில்' என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பெர்மனென்ட் லிங்க் என்பது ரேக்கிலிருந்து சுவர் முனை வரையிலான நிலையான பகுதி மட்டும். 'சேனல்' சோதனையென்றால் பேட்ச் கார்டும் கணக்கில் சேர்ந்து வரம்பும் தளர்ந்துவிடும். கருவியை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்ததாரரைக் குறைத்து மதிக்க வேண்டியதில்லை. அறிக்கை என்றதுமே முகம் சுளிப்பவரைத்தான் நான் தவிர்ப்பேன்.

படி 4: ரேக்கில் கேபிள்கள் வந்து முடியும் பேட்ச் பேனலிலும் சுவரிலும் ஒரே எண் இருக்க வேண்டும், அறிக்கையிலும் அதே எண் வர வேண்டும். கேபிள் கட்டுகளை இறுக்கும் பிளாஸ்டிக் டை எனக்குப் பிடிக்காது. வெல்க்ரோ பட்டையைக் கேட்டு வாங்குங்கள்.

படி 5: கடைசித் தவணையை, அறிக்கையை நீங்கள் சரிபார்க்கும் வரை நிறுத்தி வையுங்கள். அச்சிட்ட பக்கங்கள் போதாது, கருவியிலிருந்து வந்த மூலக் கோப்பையும் கேளுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், கையில் அறிக்கை இருந்தும் ஏமாந்ததாக எழுதியிருந்தார். எல்லா முனைகளும் 'பாஸ்' என்றிருந்தன. ஆனால் கருவியில் தேர்ந்தெடுத்திருந்த வரம்பு, கேட் 6-க்குக் கீழ்வகையான கேட் 5இ-க்கு உரியது. அதில் அளவீடு 100 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், கேட் 6-க்கு 250 வரை அளக்க வேண்டும். எனவே முடிவைப் பார்க்கும் முன் ஒவ்வொரு பக்கத்திலும் வரம்பின் பெயரைப் பாருங்கள். முடிவுக்கு அருகில் நட்சத்திரக் குறி இருந்தால், அளவு வரம்பை ஒட்டி, கருவியின் துல்லியத்துக்குள் விழுந்திருக்கிறது என்று பொருள்; அந்த முனையை மட்டும் மறுபடி இணைத்துச் சோதித்துத் தரச் சொல்லுங்கள்.