கயிற்றை விடத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: பாய்மரப் படகு பழகப் போகிறவர்களுக்கு

பயிற்சியின் முதல் நாள். தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே பயிற்சியாளர் சொல்லிவிட்டார்: "சார், பயமா இருந்துச்சுன்னா கயித்த விட்டுடுங்க. படகு தானா நின்னுடும்." அவருக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. இதெல்லாம் ஒரு பாடமா என்று தலையாட்டிவிட்டுப் போனேன். பத்தாவது நிமிடம் காற்று ஒரு தட்டுத் தட்டியது. பாயை இழுத்துப் பிடிக்கும் அந்தக் கயிற்றை நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். அடுத்த கணம் வாயெல்லாம் உப்புத் தண்ணீர்.

பஸ்ஸில் பிரேக் போட்டால் கம்பியைப் பிடித்தே வளர்ந்த உடம்பு. ஆபத்து என்றால் எதையாவது பற்றிக்கொள்ளத்தான் தெரியும். பாய்மரப் படகில் அந்தப் பழக்கம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. இனி நான் எழுதப்போகும் ஒவ்வொரு படியிலும் இதே சங்கதி ஏதாவது ஒரு வேஷத்தில் வரும்.

முதலில், எங்கே, எந்தப் படகில்?

சென்னையில் இது புதிதாக வந்த விளையாட்டு அல்ல. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் தொடங்கியது 1911இல். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பாய்மரப் படகு ஓட்டிய நால்வரில் நேத்ரா குமணன், கே.சி.கணபதி, வருண் தக்கர் மூவரும் சென்னைக்காரர்கள். நான்காமவர் விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்தவர். கடல் இல்லாத ஊர் என்றாலும் கவலை இல்லை. ஹைதராபாத்தில் ஹுசேன் சாகர் ஏரியிலேயே பழகுகிறார்கள். அலை இல்லாததால் ஏரி புதியவருக்கு நல்லது. ஆனால் சுற்றியுள்ள கட்டடங்களால் காற்று அடிக்கடி திசை மாறும்.

எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை படகுக்கு ஒரு மோட்டார் மீட்புப் படகு கூடவே வரும்? படகைக் கவிழ்த்து நிமிர்த்தும் பயிற்சியை எந்த நாளில் தருவீர்கள்? "அதெல்லாம் கவிழாது சார்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். கவிழும்.

குழந்தைகளை ஆப்டிமிஸ்ட் என்ற படகில் ஏற்றுவார்கள். குளியல் தொட்டிக்குப் பாய் கட்டியது போல இருக்கும். 1947இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வடிவமைத்தது, எடை 35 கிலோ. உலகப் போட்டிகளில் ஓட்டும் பலரும் சின்ன வயதில் இதில் உட்கார்ந்தவர்கள்தான். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் லேசர், இப்போதைய பெயர் இல்கா. நீளம் சுமார் 4.2 மீட்டர், ஓட்ட ஒரே ஆள் போதும். இதில் ஒரு வசதி: படகின் உடல் அதேதான், பாயையும் பாய்மரத்தின் கீழ்த்துண்டையும் மட்டும் மூன்று அளவில் மாற்றிக்கொள்ளலாம். பெரியது சுமார் 7 சதுர மீட்டர், சின்னது 4.7. நீங்கள் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் சின்னதையே கேளுங்கள். இதில் மானம் பார்க்காதீர்கள்.

உடைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழுக்கைச் சட்டை, பழைய கேன்வாஸ் ஷூ (கரையோரக் கல்லில் ஒட்டியிருக்கும் சிப்பி பிளேடு மாதிரி வெட்டும்), கண்ணாடி போடுபவர் என்றால் அதற்கொரு கயிறு. அந்தக் கயிற்றின் விலை எனக்கு ஒரு ஜோடிக் கண்ணாடி. லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து ஒருவரைத் தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை.

காற்று எங்கிருந்து வருகிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் படகைத் தொடவே கூடாது. தமிழருக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. வாடை வடக்கிலிருந்து வருவது, கொண்டல் கிழக்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து, சோழகம் தெற்கிலிருந்து. எங்கே போகிறது என்று நாம் பெயர் வைக்கவில்லை, எங்கிருந்து வருகிறது என்றுதான் வைத்திருக்கிறோம். படகோட்டிக்கு வேண்டியதும் அதுவேதான்.

கண்ணை மூடி முகத்தை மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு காதிலும் ஒரே அளவு இரைச்சல் கேட்கும்போது உங்கள் மூக்கு காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும். கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் காக்காயைப் பாருங்கள், அதுவும் காற்றுக்கு முகம் கொடுத்தே உட்கார்ந்திருக்கும். இறகு கலைவது அதற்குப் பிடிக்காது. பயிற்சிப் படகின் பாய்மரத்தில் பழைய ஆடியோ கேசட் நாடாவை ஒரு சாண் நறுக்கிக் கட்டியிருந்தார்கள். வீட்டில் கேசட் மீதி இருந்தால் இதைவிட நல்ல உபயோகம் கிடையாது.

சென்னையில் கோடை நாட்களில் காலைக் காற்று நிலப்பக்கமிருந்து வரும்; நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிளம்பும். நிலக்காற்றில் ஜாக்கிரதை. கரையோரம் தண்ணீர் தகடு போலக் கிடக்கும், ஆசையைத் தூண்டும், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுபோய் விட்டுவிடும். 5 முதல் 10 நாட் வரை வேகமுள்ள காற்று பழகுபவருக்குப் போதும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆங்காங்கே வெள்ளை நுரை நிறையத் தெரிய ஆரம்பித்தால் அன்று டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

கரையில் பூட்டுவது

அணியம், அதாவது படகின் முன்மூக்கு, காற்றைப் பார்த்தபடி இருக்கட்டும். அப்போதுதான் பாய் ஏற்றியதும் கொடி போலப் படபடக்குமே தவிரப் படகை இழுத்துக்கொண்டு ஓடாது. லேசரில் பாய்மரம் இரண்டு துண்டு. ஒன்றில் ஒன்றைச் செருகி, தலையணை உறை போட்டுவிடுவது போலப் பாயை அதில் மாட்டி, நிமிர்த்திக் குழியில் இறக்க வேண்டும். பிறகு பூம், அதாவது பாயின் அடியில் கிடைமட்டமாக வரும் கம்பு. பிறகு பாயை இழுக்கவும் விடவும் பயன்படும் கயிறு. பயிற்சிப் பள்ளியில் இதை மெயின்ஷீட் என்பார்கள். நம் பழைய பாய்த்தொழிலில் இதற்குத் தாமான் என்று பெயர். கடைசியாகப் பின்னால் சுக்கான்.

தாமான் கயிற்றின் நுனியில் எட்டு வடிவ முடிச்சு ஒன்று போடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கயிற்றை விடும்போது அது கப்பியிலிருந்து உருவிக்கொண்டு போய்விடும்.

பின்புறம் கட்டைவிரல் அளவு ஒரு துளை இருக்கும். உள்ளே கசிந்த தண்ணீரை வடிப்பதற்கு. அதில் திருகும் கார்க்கைப் போட்டாயிற்றா? மூன்றாவது வாரம் நான் போடவில்லை. கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு படகு நனைந்த மெத்தை மாதிரி ஆனது; திருப்பினால் யோசித்துத் திரும்பியது, சாய்ந்தால் உள்ளே ஏதோ 'சளக்'கென்று அந்தப் பக்கம் ஓடியது. காற்று குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மீட்புப் படகிலிருந்து பயிற்சியாளர் கத்தினார்: "சார், கார்க் போட்டீங்களா?" என் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

உட்காருவது, ஓடுவது, நிற்பது

காற்று வரும் பக்கத்து விளிம்பில், பாய்க்கு எதிரே உட்காருங்கள். பின் கையில் சுக்கான் பிடி, முன் கையில் கயிறு. சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். இது ஒரு நாள் குழப்பும், இரண்டாம் நாள் மறந்துபோகும்.

காற்று வரும் திசையைக் கடிகாரத்தின் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்டப் பத்தரைக்கும் ஒன்றரைக்கும் நடுவே எந்தப் பாய்மரப் படகும் போகாது. பாய் வெறுமனே அடித்துக்கொள்ளும். முதல் நாள் 3 மணித் திசையிலும் 9 மணித் திசையிலும், அதாவது காற்றுக்குக் குறுக்காக, போய்ப் போய் வாருங்கள். எளிதும் அதுதான், வேகமும் கிட்டத்தட்ட அதுதான்.

பாயை எவ்வளவு இழுப்பது என்பதற்கு ஒரே விதி: பாயின் முன்விளிம்பு நடுங்கத் தொடங்கும்வரை கயிற்றை விடுங்கள், நடுக்கம் நிற்கும் அளவுக்கு மட்டும் திரும்ப இழுங்கள். ஒரு விரற்கடை கூட அதிகம் வேண்டாம். புதியவர்கள் எல்லாரும் இழுத்துக் கட்டுகிறோம், இழுத்தால் வேகம் வரும் என்று. வராது. படகு சாயும், வேகம் போகும். முழுக்க விட்டுவிட்டால் பாய் காற்றில் கொடியாகிவிடும், படகு நிற்கும். இந்த வண்டிக்கு பிரேக் இதுதான். முதல் நாள் இருபது தடவையாவது ஓடி, விட்டு, நின்று பாருங்கள்.

எதிர்க்காற்றில் படகு எப்படி முன்னே போகிறது என்று என் மகள் கேட்டாள். பலாக்கொட்டையை வழுவழுப்போடு இரண்டு விரலுக்கு நடுவே அமுக்கினால் விருட்டென்று முன்னால் பாயும் இல்லையா? ஒரு விரல் பாயில் படும் காற்று. இன்னொரு விரல் படகின் நடுவே தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் டேகர்போர்டு என்ற பலகை. பக்கவாட்டில் போக விடாமல் அந்தப் பலகை தடுப்பதால் படகுக்கு முன்னால் வழுக்குவதைத் தவிர வழியில்லை. அதனால் காற்றை எதிர்த்துப் போகும்போது பலகை முழுதும் கீழே இருக்க வேண்டும். காற்று முதுகில் அடிக்கும்போது பாதி தூக்கிக்கொள்ளலாம்.

படகு சாய்ந்தால், உள்ளே இருக்கும் பட்டையில் காலை மாட்டி உடம்பை வெளியே சாய்க்கச் சொல்வார்கள். தொண்டிப் பக்கத்துப் பாய்மரப் படகுப் போட்டிகளில் குறுக்கே நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறி நின்று எடை கொடுப்பார்களே, அதே வித்தை. அவர்கள் நிற்கிறார்கள், நாம் தொங்குகிறோம்.

திரும்புவது

காற்று வரும் திசையில் இருக்கும் ஓர் இடத்துக்குப் போக வேண்டுமானால் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு போல மாறி மாறித்தான் போக வேண்டும். அணியத்தைக் காற்றின் ஊடாகத் திருப்புவதற்கு டேக் என்று பெயர். நல்ல வேகம் வரட்டும். சுக்கான் பிடியைப் பாயை நோக்கித் தள்ளுங்கள், தள்ளியபடியே இருங்கள். பூம் தலைக்கு மேல் வரும்போது குனிந்து, முகம் முன்னால் பார்த்தபடி எதிர்ப்பக்கம் போய் உட்காருங்கள். கை மாற்றுவது உட்கார்ந்த பிறகு. நான் பாதியில் பயந்து தள்ளுவதை நிறுத்திவிடுவேன். படகு 12 மணியைப் பார்த்தபடி நடுத்தெரு மாடு போல நின்றுவிடும். அப்படி மாட்டிக்கொண்டால் பூமைக் கையால் ஒரு பக்கம் வெளியே தள்ளிப் பிடியுங்கள். படகு பின்னால் நகர்ந்து மூக்கைத் திருப்பிக்கொள்ளும். பிறகு பழையபடி ஓட்டலாம்.

காற்று பின்னாலிருந்து வரும்போது திரும்புவது ஜைப். பூம் ஒரே வீச்சில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பறக்கும், தலை குறுக்கே இருந்தால் தலைதான் நஷ்டம். முதல் இரண்டு வாரம் இதைச் செய்யாமல், சுற்றி வளைத்து டேக் செய்தே திரும்பிவிடலாம். கோழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் பரவாயில்லை.

கவிழ்ந்தால்

படகை விட்டு நீந்தாதீர்கள். நீச்சல் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் கரை தோன்றுவதைவிடத் தூரம். படகு மிதக்கும், பிடித்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும்.

முதல் வேலை, தாமான் கயிறு ஓடத் தயாராக இருக்கிறதா என்று பார்ப்பது. அது இறுகியிருந்தால் நிமிர்த்திய மறுகணம் பாய் காற்றைப் பிடித்து, படகு இந்தப் பக்கம் எழுந்து அந்தப் பக்கம் விழும், உங்கள் தலைக்கு மேலேயே. பிறகு படகைச் சுற்றி நீந்தி அடிப்பக்கம் போங்கள். டேகர்போர்டு அலமாரித் தட்டுப் போல நீட்டிக்கொண்டிருக்கும். அணியம் ஓரளவு காற்றுப் பக்கம் திரும்பும்வரை கொஞ்சம் பொறுங்கள். பலகையில் ஏறி, நுனியில் நிற்காமல் அடியோரம் நின்று, படகின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். சில நொடி ஒன்றும் நடக்காது. பாயின் மேல் கிடக்கும் தண்ணீர் வழியும் சத்தம் கேட்கும். பிறகு சட்டென்று எழும். எழும்போதே உள்ளே தாவிவிட்டால் கெட்டிக்காரர். இல்லாவிட்டால் பின்பக்கமாக ஏறலாம்.

பாய்மரம் நேராகக் கீழ்நோக்கி, படகு ஆமை போல மல்லாந்துவிட்டால் இதே வேலைதான், நேரம் மட்டும் கூட. ஆழம் குறைந்த இடத்தில் பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்திக்கொள்ளும். பலத்தைக் காட்டி வளைக்காமல் மீட்புப் படகுக்குக் கை காட்டுங்கள்.

யாருக்கு வழி?

இரண்டு பாய்மரப் படகுகள் எதிர்ப்பட்டால், வலப்பக்கமிருந்து காற்று வாங்கும் படகுக்கு உரிமை, இடப்பக்கமிருந்து வாங்குவது விலக வேண்டும். இருவருக்கும் ஒரே பக்கக் காற்று என்றால் காற்று வரும் பக்கத்தில் இருப்பவர் விலக வேண்டும். முந்துகிறவர் எப்போதும் விலக வேண்டும். சரக்குக் கப்பல் வந்தால் விதியெல்லாம் பேசாமல் ஓடிவிடுங்கள்.

கரைக்கு வந்த பிறகு

கரை நெருங்கும்போது டேகர்போர்டைத் தூக்க மறந்தால் அது தரையில் மோதும். வேகத்தைக் குறைக்க என்ன செய்வது என்று இந்நேரம் உங்களுக்கே தெரியும். பாய், கயிறு, கப்பி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு காய்ந்தால் கயிறு குச்சியாகிவிடும். பாயைக் கசக்காமல் சுருட்டி வையுங்கள்.

படகின் அணியத்தைச் சற்று உயர்த்தி, பின்துளையின் கார்க்கைத் திருகி எடுத்து, உள்ளே புகுந்த தண்ணீரை வடிய விடுங்கள். கார்க்கைச் சட்டைப் பையில் மட்டும் போடாதீர்கள். அரை முழக் கயிற்றில் சுக்கானோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். மறுநாள் சுக்கானை மாட்டப் போகும்போது அது கையில் இடிக்கும்.