வாட்டும் மாடியில் காற்று பிடிப்பது எப்படி

தேயிலைக் கொழுந்து வாட்டும் மாடியில் பம்பால் காற்றை இழுத்து, லினலூல், ஜெரானியோல் மாதிரி மண ஆவிகளை, ஆவி உறிஞ்சும் தூள் அடைத்த குழாயில் பிடிக்கிற வேலை எனக்கு. இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் வெளியிலும் ஈரம், கொழுந்திலிருந்து எழும்புவதும் ஈரம். அதனால் குழாய்க்குள் கரி வேண்டாம். அது நீராவியையும் சேர்த்துப் பிடிக்கும்; மற்றதற்கு இடம் குறையும். டீனாக்ஸ் டிஏ என்ற நுண்துளைப் பிளாஸ்டிக் தூள் தண்ணீரை அவ்வளவாகச் சேர்க்காது. ஆனால் மெதனோல் போன்ற இலேசான ஆவிகள் அதில் தங்காது.

புதுக் குழாயென்றாலும் முதலில் சுட்டுச் சுத்தம் செய்யுங்கள். தூய நைதரசனை ஓடவிட்டு, உள்ளே இருக்கும் காற்று வெளியேறிய பிறகே சூட்டை ஏற்ற வேண்டும். 320 பாகை செல்சியஸ் போதும். டீனாக்ஸின் எல்லை 350.

எனக்கு எப்போதும் இருக்கிற பெரிய சந்தேகம், பிடித்ததெல்லாம் குழாயில் நின்றதா, பின்பக்கத்தால் ஓடிவிட்டதா என்பதுதான். இரண்டு குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டுங்கள். பின்குழாயில் 5 சதவீதத்துக்கு மேல் வந்திருந்தால் அந்த மாதிரியை நான் கணக்கில் எடுப்பதில்லை. அப்புறம், ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றில் 1 லீற்றர், மற்றதில் 4 லீற்றர் இழுத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே செறிவைக் காட்ட வேண்டும். 4 லீற்றர் குழாய் குறைத்துக் காட்டினால் ஆவி பின்பக்கத்தால் நழுவியிருக்கிறது, இல்லையென்றால் குழாயிலேயே அழுக்கு இருந்திருக்கிறது.

பம்பின் ஓட்டத்தை அந்த மாடியிலேயே அளவுபாருங்கள், தொடக்கத்திலும் முடிவிலும். கொழும்பில் சரிபார்த்தது இங்கே செல்லாது. 1868 மீற்றர் உயர நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான்.

ஓசோன் பட்டால் டீனாக்ஸே பென்சால்டிஹைட்டை உண்டாக்கிவிடும். தேயிலை மணத்திலும் அது இருப்பதுதான் தலைவலி. குழாய்க்கு முன்னால் பொட்டாசியம் அயடைட்டு வடிகட்டி ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

பிடித்ததும் டெஃப்லான் வளையம் உள்ள பித்தளை மூடியால் இறுக்கி, 4 பாகைக்குக் கீழே வையுங்கள். குளிர்ந்தபின் மூடி தளரும், இன்னொருமுறை முறுக்க வேண்டும். குழாயில் மார்க்கர் பேனாவால் எழுதாதீர்கள், மையிலும் கரைப்பான் இருக்கிறது. பேராதனை ஆய்வுகூடத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோவதென்றால் டீசல் புகைக்கு அஞ்சித் தகர டப்பாவுக்குள் ஒரு கரிப்பொட்டலம் வையுங்கள். கரிக்கு அங்கேதான் வேலை. அதே டப்பாவில் காற்று இழுக்காத வெறுங்குழாய் ஒன்றும், அளவு தெரிந்த லினலூல் ஏற்றிய குழாய் ஒன்றும் போகட்டும். 30 நாளுக்குள் பகுப்பாய்வு முடிய வேண்டும். லினலூல் குழாய் ஏற்றிய அளவைத் திருப்பித் தராவிட்டால், கூடப் போன மற்றக் குழாய்களின் எண்ணையும் நம்பாதீர்கள்.