உணவுத் தாளை வைத்துச் சத்துக் குறைபாட்டைக் கணக்கிடுகிறீர்களா? இந்த இடங்களில் கவனம்

நாட்டில் விளைந்ததோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதி, விதைநெல், தீவனம், வழியில் வீணானது எல்லாவற்றையும் கழித்து, சனத்தொகையால் வகுத்தால் ஆளுக்கு இவ்வளவு உணவு என்று வரும். உலக உணவு விவசாய நிறுவனத்தின் உணவுச் சமநிலைத் தாள் இப்படித்தான் உருவாகிறது. அதைச் சத்து அட்டவணையோடு பெருக்கி, இரும்பு, கல்சியம், சிங்க் போதுமா என்று பார்க்கிறார்கள். பார்க்கலாம்தான். ஆனால் வன்னியில் நின்று பார்த்தால் சறுக்கும் இடங்கள் தெரியும்.

முதலில், அது சாப்பிட்ட கணக்கல்ல, கைக்கு எட்டியிருக்கக்கூடிய கணக்கு. வன்னிக்கென்று அதில் தனி வரியும் கிடையாது. கொழும்பில் விற்ற இறைச்சியும் பாலும், சோறும் சம்பலுமாக நாள் கழிக்கும் ஒட்டுசுட்டான் வீட்டின் பேரிலும் சமமாக விழும். மறுபக்கம், வேலி முருங்கையிலும் மழைக்குப் பின் வரம்பில் கிள்ளிய பொன்னாங்காணியிலும் வந்த சத்து பெரும்பாலும் எந்தத் தாளிலும் ஏறாது. கிணற்றுத் தண்ணீரும் அப்படித்தான். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதில் கல்சியமும் உண்டு.

நான் அடிக்கடி காணும் தவறு வேறு. பரிந்துரைக்கப்பட்ட அளவை எல்லைக்கோடாக வைப்பது. வளர்ந்தவருக்குக் கல்சியம் நாளுக்கு 1000 மி.கி. என்பது நூற்றுக்கு 97 பேரின் தேவையையாவது மூடுவதற்காகக் கூட்டி வைத்த அளவு. அதற்குக் கீழே நிற்பவர் எல்லாரும் குறைபாட்டுக்காரர் அல்லர். ஊரளவில் ஒப்பிட வேண்டியது சராசரித் தேவையோடு, அதாவது 800 மி.கி.யோடு. சரி, நம் ஆட்களுக்குக் கிடைக்கும் சராசரியும் 800 தானே, பிரச்சினை இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். அப்படியென்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போதவில்லை. இரும்புக்கு இந்தச் சராசரித் தேவைக் கோடே சரிவராது. மாதவிடாயுள்ள பெண்களின் தேவை ஆளுக்கு ஆள் அவ்வளவு மாறும்.

தானியத்தை ஒரே மூட்டையாகக் கட்டுவதும் ஆபத்து. 100 கிராம் குரக்கனில் கல்சியம் 350 மி.கி. அளவில் இருக்கும், வெள்ளையரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. தவிட்டோடு இருக்கும் சிவப்பரிசியில் சிங்க் அதிகம், அதை உடலில் சேரவிடாத பைட்டேட்டும் அதிகம். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் இரும்பு உடலில் சேர்வதும் குறையும்.

அயடீனைத் தேடி இந்தத் தாளைப் புரட்டுவது வீண். இலங்கையில் 1995 முதல் அது சட்டப்படி உப்பில் வருகிறது. அயடீன் பறந்துபோகும்படி உப்புப் போத்தல் மூடியில்லாமல் அடுப்பருகே இருக்கிறதா என்று குசினிக்குள் எட்டிப் பார்ப்பது அதைவிட உதவும்.